அட்டையின் உள்பக்கம்

பழைய காமிக்ஸ் இருக்கிறது, வந்து தரம் பார்த்து மதிப்புப் போடுங்கள் என்று யாராவது நம் ஆபீசுக்குப் போன் செய்தால் உங்களுக்கு முதலில் வாயில் வருவது, "எந்த வருஷம்? எத்தனை புக் இருக்கு?" என்பதுதான். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். கேட்கும்போதே கண்ணில் ஒரு பளபளப்பு வேறு வந்துவிடும். இனிமேல் அதை இரண்டாவது கேள்வியாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில், "நான் வந்து பார்க்கிற வரைக்கும் வீட்டில் யாரும் எதையும் சுத்தம் பண்ண வேண்டாம்" என்று சொல்லுங்கள். புத்தகத்தை மட்டும் அல்ல. அது இருக்கும் பெட்டி, பெட்டியின் அடியில் விரித்த தாள், கட்டியிருக்கும் சணல் கயிறு, எல்லாம் அப்படியே கிடக்கட்டும் என்று சொல்லுங்கள். கரப்பான்பூச்சி செத்துக் கிடந்தால் அதுவும் கிடக்கட்டும்.

"மேடம் வயசானதும் ரொம்பத்தான் பயப்படுறாங்க" என்று நீங்கள் சிரிப்பது எனக்குத் தெரியும். சிரித்துக்கொள்ளுங்கள். எனக்கு இருப்பது பயம் இல்லை, அதிர்ச்சி. ஒரு நாள் பட்ட அதிர்ச்சி இன்னும் இறங்காமல் நெஞ்சிலேயே நிற்கிறது. வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகும், எங்காவது அடுப்புப் புகை வாடை வந்தால் எழுந்து போய் என்ன எரிகிறது என்று பார்த்துவிட்டு வருகிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஐப்பசி அது. துபாயிலிருந்து பிரபு என்பவர் பேசினார். பாபநாசத்துக்குப் பக்கத்துக் கிராமம். அவருடைய அப்பா தட்சிணாமூர்த்திக்குத் தை மாதம் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். அப்பா பள்ளிக்கூடத்தில் படித்த காலத்திலிருந்து சேர்த்த காமிக்ஸ் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கிறதாம். ஒவ்வொன்றுக்கும் தரம் போட்டு, நல்ல பிளாஸ்டிக் உறையில் வைத்து, மதிப்புச் சான்றிதழோடு அன்றைக்கு அப்பா கையில் கொடுக்க வேண்டும் என்பது பிள்ளையின் ஆசை. நல்ல ஆசைதான். எத்தனையோ பிள்ளைகள் மோதிரத்தோடு முடித்துக்கொள்கிறார்கள்.

நான் சொல்ல வேண்டியதை எல்லாம் சொன்னேன். புத்தகத்தைத் துடைக்கக் கூடாது, ஈரக் கையால் தொடக் கூடாது, வெயிலில் காயவைக்கக் கூடாது, கிழிந்த இடத்தில் டேப் ஒட்டக் கூடாது. அவரும் வரி பிசகாமல் ஊரில் இருந்த தன் மனைவிக்குச் சொல்லிவிட்டார். கூடவே தன் பங்குக்கு ஒரு வாக்கியம் சேர்த்திருக்கிறார். "மதிப்புப் போட வர்றாங்க, எல்லாம் பாக்க நீட்டா இருக்கணும்."

நான் போன அன்று கொட்டோ கொட்டென்று கொட்டியது. மெயின் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி ஊருக்குள் நடப்பதற்குள் குடை பின்பக்கமாக மடங்கிக்கொண்டது. வாசலில் போய் நின்றபோது என் சேலையிலிருந்து வாய்க்கால் ஓடியது. கதவைத் திறந்தது பிரபுவின் மனைவி கயல்விழி. ஆவணியில்தான் கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்தவள். கல்யாணத்துக்கு எடுத்த லீவு முடிந்து புருஷன் துபாய்க்குத் திரும்பிவிட்டார். மாமியார் அறுபதாம் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கக் கும்பகோணம் போயிருந்தார். மாமனார் வயலில் இருந்தார். நட்டு நாலு நாள் ஆகாத சம்பாப் பயிரில் தண்ணீர் நின்றுவிட்டதால் வடிகாலை வெட்டிவிடப் போயிருந்தார்.

"ஐயோ, தொப்பலா நனைஞ்சுட்டீங்களேம்மா! இந்த ஈரத்தோட உக்காந்தா காய்ச்சல்ல படுத்துடுவீங்க. இருங்க, வெந்நீர் போடுறேன். தலைக்கு ஊத்திக்கிட்டு அத்தை சேலை ஒண்ணு கட்டிக்குங்க. உங்க சேலையை அடுப்புப் பக்கத்துல காயப்போட்டா நீங்க கிளம்புறதுக்குள்ள காஞ்சுடும்."

வேண்டாம் என்று ஒப்புக்குச் சொன்னேன். அவள் கேட்கவில்லை, எனக்கும் கேட்காதது நல்லதாகப் பட்டது. கேஸ் அடுப்பு உள்ளே இருந்தாலும், அந்தப் பக்கத்து வீடுகளில் குளிக்கிற வெந்நீர் கொல்லையில் விறகடுப்பில்தான். விறகு ஈரமாக இருந்திருக்க வேண்டும். ஊதுகுழலை வைத்து அவள் ஊதுவதும் இருமுவதும் உள்ளே கேட்டது. கொஞ்ச நேரத்தில் தீ பிடித்துக்கொண்டது. சூடான தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டபோது எனக்கு உயிர் வந்தது. அந்தப் பெண்ணை மனதார வாழ்த்தினேன். இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

குளித்துவிட்டு அவளுடைய மாமியாரின் சேலையைக் கட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். கட்டிலில் புதுப் பாயை விரித்து, அதன்மேல் காமிக்ஸ்களை வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள். ஒன்றை எடுத்தேன். பிறகு இன்னொன்று. எனக்கு நம்ப முடியவில்லை.

நம் பக்கத்துப் புத்தகங்கள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காவிரித் தண்ணீர் ஊறும் சுவர், ஆறு மாதம் ஈரம், தாளை அரிக்கும் ராமபாணப் பூச்சி. ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்து நடுத்தாளைத் தின்றிருக்கும். முகப்பு வெளுத்து, முதுகு உரிந்து, கையில் எடுத்தால் பொலபொலவென்று உதிரும். இவை அப்படி இல்லை. முகப்பின் சிவப்பு அச்சகத்திலிருந்து நேற்று வந்ததுபோல் இருந்தது. மூலைகள் மழுங்கவில்லை. நாற்பது வருடத்துக்கு மேற்பட்ட மலிவுத் தாள், ஈர மண், விறகுப் புகை எல்லாவற்றுக்கும் நடுவில் இப்படி ஒரு தரமா என்று வாயைப் பிளந்தேன். அன்றைய அதிர்ச்சிகளில் சந்தோஷமானது அந்த ஒன்றுதான்.

ஆனால் தரம் போடுகிறவளுக்குச் சந்தோஷப்பட்டால் மட்டும் போதாது. ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டாக வேண்டும். வெளிச்சமும் கையும் படாமல் ஏதோ ஒன்று இவற்றை மூடியிருக்கிறது.

"இதுக்கெல்லாம் அட்டை போட்டிருந்தாங்களா?" என்று கேட்டேன்.

"ஆமாம்மா. ஸ்கூல் புக்குக்குப் போடுவோமே, அந்த மாதிரி எல்லாத்துக்கும் மாமா அட்டை போட்டு மேல பேரும் நம்பரும் எழுதி வெச்சிருந்தாங்க. ஒரே பழுப்பு, எண்ணெய்ப் பிசுக்கு. அதான் எல்லாத்தையும் கழட்டிட்டேன்." உடனே அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள். "புக்கை நான் துடைக்கவே இல்லம்மா. நீங்க சொன்னபடி கையக்கூட நல்லா காயவெச்சுட்டுத்தான் தொட்டேன்."

எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. காக்கித் தாளிலோ பழைய காலண்டர் தாளிலோ போட்ட அட்டையாக இருக்கும் என்று நினைத்தேன். அது போனால் என்ன, நல்ல வேலை செய்தது என்று விட்டுவிட்டு வேலையை ஆரம்பித்தேன்.

பாதி பார்த்திருப்பேன். தட்சிணாமூர்த்தி வந்து சேர்ந்தார். முழங்கால் வரை சேறு, தலையில் உரச்சாக்கை மடித்துக் கவிழ்த்திருந்தார். காலைக் கழுவிக்கொண்டு நேராகத் தன் அறைக்குப் போய், தலையணைக்கு அடியிலிருந்து ஒரு காமிக்ஸை எடுத்து வந்து நீட்டினார்.

"இது மட்டும் அங்க இருந்திருக்காதுங்க. ராத்திரி படிச்சுட்டு அப்படியே தூங்கிட்டேன்." வெட்கப்பட்டுச் சிரித்தார். மகன் தலையெடுத்து, மருமகள் வந்த பிறகும் காமிக்ஸ் படிப்பதை யாரிடமும் சொல்லிக்கொள்ள மாட்டாராம்.

அது அட்டையோடு இருந்தது. பழுப்பேறிய தாள்தான். ஆனால் விரலை வைத்ததுமே எனக்கு ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிட்டது. அது காக்கித் தாளும் இல்லை, காலண்டர் தாளும் இல்லை. கெட்டியான, கொஞ்சம் சொரசொரப்பான டிராயிங் தாள். மடிப்பை மெதுவாகப் பிரித்துத் திருப்பினேன்.

உள்பக்கம் படம் இருந்தது. அச்சிட்ட படம் இல்லை. மை. தூரிகையால் போட்ட கறுப்பு மை. ஓடும் குதிரை ஒன்று, அதன்மேல் குனிந்து உட்கார்ந்த ஒருவன், பின்னால் வீசும் துப்பட்டியில் தூரிகை இழுத்த வேகம் தெரிந்தது. குதிரையின் முன்கால் பிடிக்காமல் வெள்ளை வர்ணத்தால் மறைத்து மறுபடி வரைந்திருந்தார்கள். பேச்சுக் கட்டத்தைத் தனித்தாளில் எழுதி ஒட்டியிருந்தார்கள். ஓரத்தில் நீலப் பென்சிலில் அளவுக் குறிப்பு. காமிக்ஸின் அசல் பக்கம். அச்சாவதற்கு முன்னால் ஓவியர் கையால் வரைந்தது, உலகத்தில் அந்த ஒன்றே ஒன்றுதான்.

இங்கே வேலை பார்க்கிற நீங்கள் எல்லோரும் ஆயிரக்கணக்கில் காமிக்ஸ் பார்த்திருப்பீர்கள். அந்தக் காலத்துத் தமிழ் காமிக்ஸின் அசல் பக்கத்தை உங்களில் எத்தனை பேர் கையால் தொட்டிருக்கிறீர்கள்? நானும் அன்றைக்கு வரைக்கும் தொட்டதில்லை. எதுவும் மிஞ்சவில்லை என்றுதான் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம்.

"இது எப்படி உங்ககிட்ட?" என்று கேட்டேன்.

"எங்கப்பா கும்பகோணத்துல பிளாக் செய்யிற கடையில வேலை பார்த்தாருங்க. படத்தைப் போட்டோ பிடிச்சு, அச்சடிக்கத் துத்தநாகத் தகடா ஆக்கிக் குடுப்பாங்க. பிளாக் ஆனதும் இந்தத் தாள் வேஸ்ட்டு. யாரும் திருப்பிக் கேக்க மாட்டாங்க. அப்பா வீட்டுக்கு எடுத்தாந்துடுவாரு. தாள் கெட்டியா இருக்குமா, வெள்ளைப் பக்கத்தை வெளியில வெச்சு நான் அட்டை போட்டுக்குவேன்."

"எல்லாப் புத்தகத்துக்கும் இந்தத் தாள்தானா?"

"எல்லாத்துக்கும்தான்."

நான் கயல்விழியைப் பார்த்தேன். மாமனாருக்குக் காபி கொண்டுவந்து நின்றுகொண்டிருந்தாள். "கழட்டின அட்டையெல்லாம் எங்க வெச்சிருக்க?"

"அடுப்புல போட்டுட்டேன்மா" என்றாள், வெகு இயல்பாக. "விறகு ஈரமா இருந்துச்சா, பத்தவே மாட்டேன்னுடுச்சு. அந்தத் தாளைச் சுருட்டி வெச்சுத்தான் பத்த வெச்சேன். உள்பக்கம் ஏதோ மையில கிறுக்கிக் கிடந்துச்சு, ஆகாத தாள்தானேன்னு நெனச்சேன். நல்லா நின்னு எரிஞ்சுது."

நான் என்ன செய்தேன் என்று எனக்குச் சரியாக நினைவில்லை. கொல்லைக்கு ஓடியிருக்கிறேன். தலையில் சுற்றியிருந்த துண்டு அவிழ்ந்து எங்கோ விழுந்துவிட்டது. அடுப்புக்கு முன்னால் மண்டியிட்டுப் பார்த்தேன். தணலுக்கு மேலே ஒரு தாள் எரிந்து கரியாகி, ஆனால் வடிவம் கலையாமல் சுருண்டு நின்றது. கறுப்புத் தாளில் கறுப்புக் கோடுகள். மை இருந்த இடம் மட்டும் ஈயம் பூசியதுபோல் மினுங்கியது. ஒரு பெண்ணின் முகம், நெற்றியில் விழுந்த முடி, திறந்த வாய். நான் நன்றாகப் பார்த்தேன். என் மூச்சுப் பட்டதோ காற்று அடித்ததோ, அது அப்படியே பொடிந்து சாம்பலோடு சாம்பலாகிவிட்டது.

என் தலைமுடியிலிருந்து இன்னும் அந்தத் தண்ணீர்தான் சொட்டிக்கொண்டிருந்தது.

பின்னாலிருந்து கயல்விழியின் குரல் வந்தது. "தப்பா எதுனா பண்ணிட்டேனாம்மா?"

நான் இத்தனை நேரம் சொன்னது இந்த இடத்துக்காகத்தான். தரம் போடுவதைக் கைப்பழக்கத்தில் கற்றுக்கொண்டுவிடலாம். இந்த மாதிரிக் கேள்விக்கு எந்த விலைப்பட்டியலிலும் பதில் இருக்காது. எனக்குத் தெரிந்த உண்மை இவ்வளவுதான்: பெட்டியில் இருந்த காமிக்ஸ் எல்லாவற்றையும் சேர்த்தாலும் அந்த அடுப்பில் போனவற்றின் கால்தூசிக்குக் காணாது. அதை நான் வாயைத் திறந்து சொன்னால், அந்த வீட்டில் அவள் ஆயுசு முழுக்க "எரித்தவள்" ஆகிவிடுவாள். இரண்டு மாதக் குடித்தனம். புருஷன் கடல் தாண்டி இருக்கிறான். சொல்லாமல் மறைத்தால், பொருளுக்குச் சொந்தக்காரரை நான் ஏமாற்றியவள் ஆகிறேன். எனக்குக் கோபம்கூட வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். யார்மேல் என்று தெரியாத கோபம்.

அந்த நேரம் பார்த்து அவள் கையிலிருந்த போன் அடித்தது. பிரபு, வீடியோ காலில். "மேடம் வந்துட்டாங்களா? குடு, குடு."

போனை வாங்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். தட்சிணாமூர்த்தி கட்டிலில் உட்கார்ந்து அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அதை போனுக்கு நேராகக் காட்டி, இது அசல் பக்கம் என்பதையும், இதற்குச் சொல்லப்போகிற மதிப்பு காமிக்ஸின் மதிப்பைவிட மிக அதிகமாக இருக்கும் என்பதையும் சொன்னேன். கையில் இருக்கும் பொருளைப் பற்றி மறைக்க எனக்கு உரிமை இல்லை. சொல்லித்தான் ஆக வேண்டும். சொந்தக்காரரும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

பிரபு சூட்டிகையான ஆள். "அப்பா எல்லா புக்குக்கும் இதே அட்டைதானே போட்டிருந்தாரு? நான் சின்ன வயசுல பாத்திருக்கேனே. மத்ததெல்லாம் எங்க?"

தூணோரம் நின்ற கயல்விழிக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. முகத்தில் ரத்தமே இல்லை.

"கயல், நீதானே பெட்டியை ஒழிச்ச? அட்டையெல்லாம் என்ன பண்ண?"

"அவளை ஏன்டா கேக்குற?" தட்சிணாமூர்த்தி தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். "நான்தான் எரிச்சேன்."

"நீங்களா? எப்போ?"

"எரிச்சேன்னா எரிச்சேன். என் புக்கு, என் அட்டை, என் வீட்டு அடுப்பு. நீட்டா வெக்கணும்னு நீதானே சொல்லிவுட்ட? நீட்டா இருக்கு, பாத்துக்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அரை நாழிகைக்கு முன்னால்தான் சேற்றுக் காலோடு உள்ளே வந்த மனிதர், மருமகள் எரித்ததைக் காதால் கேட்டவர், கண்ணைச் சிமிட்டாமல் இப்படிச் சொல்கிறார். பிரபு என் பக்கம் திரும்பினார். "மேடம், நீங்க சொல்லுங்க. மொத்தமா எவ்வளவு போச்சு? ஒரு மதிப்பு போட்டுச் சொல்லுங்க."

கயல்விழி என்னைப் பார்த்தாள்.

"இருக்குற பொருளுக்குத்தான் தம்பி நான் மதிப்புப் போடுவேன். இல்லாததுக்குப் போட மாட்டேன். அது என் வேலை இல்ல."

"சும்மா ஒரு அப்ராக்ஸிமேட்டா..."

"மாட்டேன்."

இதுதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்த விதி. போனது எவ்வளவு என்று எல்லாரும் கேட்பார்கள். அழுதுகொண்டு கேட்பார்கள், சண்டைக்கு வந்து கேட்பார்கள். நீங்கள் சொல்கிற தொகை அந்த வீட்டில் ஒரு ஆள்மேல் போய் உட்கார்ந்துகொள்ளும், அப்புறம் எந்தக் காலத்திலும் இறங்காது. சொல்லாதீர்கள்.

மிச்ச வேலையை முடித்தேன். அந்த ஒற்றைத் தாளை இனி மடிக்கக் கூடாது என்று சொல்லி, இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவில் வைத்துக் கட்டினேன். தட்சிணாமூர்த்தி அதை வாங்கி நேராக மருமகளிடம் கொடுத்தார். "உன் பீரோவுல வெச்சுக்கம்மா." அவள் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு உள்ளே போனவள் வெகுநேரம் வெளியில் வரவில்லை. வந்தபோது கண் சிவந்திருந்தது. என் சேலையை மடித்து எடுத்து வந்திருந்தாள். நன்றாகக் காய்ந்திருந்தது.

மழை தூறலாகியிருந்தது. மெயின் ரோடு வரை குடை பிடித்துக்கொண்டு தட்சிணாமூர்த்தி கூடவே வந்தார். இரண்டு பக்கமும் வயல் முழுக்கத் தண்ணீர், நாற்றின் நுனி மட்டும் தெரிந்தது. எனக்கு மனது தாங்கவில்லை.

"அந்தப் பொண்ணுக்காக ஒரு பொய் சொன்னீங்க. பெரிய மனசுங்க உங்களுக்கு."

அவர் நின்றுவிட்டார். "பொய்யா? நான் எங்கம்மா பொய் சொன்னேன்?"

எனக்குப் புரியவில்லை.

"எங்கப்பா ஒண்ணு ரெண்டா எடுத்தாரல. வாரா வாரம் சைக்கிள் கேரியர்ல கட்டுக் கட்டா எடுத்தாருவாரு. நான் அட்டை போட்டது அதுல கொஞ்சூண்டு. மிச்சம் பூரா எங்கம்மாவுக்கு அந்தக் கொல்லை அடுப்பு எரிக்க. மழைக்காலத்துல விறகு பத்தாதுல்ல? நான்தான் பக்கத்துல குந்திக்கிட்டு ஒவ்வொண்ணா சுருட்டிக் குடுப்பேன். அப்பா அந்தக் கடையில இருந்த காலம் மட்டும் இதுதான் நடந்துச்சு." குடையைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டார். "இன்னிக்கி நீங்க அந்தப் படத்தைத் திருப்பிக் காட்டினீங்க பாருங்க, அப்பத்தான் எனக்கு அத்தனையும் கண்ணு முன்னாடி வந்துச்சு. குதிரை, கப்பல், துப்பாக்கி பிடிச்ச கை. எல்லாத்தையும் நான் பாத்திருக்கேன். பாத்துட்டுத்தான் சுருட்டினேன். அந்தப் புள்ள எரிச்சது என்னங்க, கடைசிப் பிடி."

அதே அடுப்பு. ஒரு பெட்டிதான் போனது என்று நெஞ்சில் அடித்துக்கொண்டிருந்த எனக்கு, பிளாக் கடையிலிருந்து அந்த வீட்டுக்கு வந்ததெல்லாம் கட்டுக் கட்டாகக் கண்ணில் ஓடியது. தொழில் புத்தி விடவில்லை. வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"மொத்தம் எத்தனை எரிஞ்சிருக்குங்க? உத்தேசமா?"

தட்சிணாமூர்த்தி குடையை என் பக்கம் சாய்த்துப் பிடித்தார்.

"இல்லாததுக்கு மதிப்புப் போட மாட்டேன்னு நீங்கதானம்மா சொன்னீங்க? என்கிட்டயும் கேக்காதீங்க."

கும்பகோணத்திலிருந்து பஸ் வந்துவிட்டது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். தஞ்சாவூர் வந்து இறங்கும் வரைக்கும் என் சேலையிலிருந்து புகை வாடை வந்துகொண்டே இருந்தது.